யாருக்கு எளிய மொழி?

'வாசிக்க எளிதான நிரல்மொழி' என்று தொழில்துறை ஒன்றைக் கொண்டாடும்போது, யாருக்கு எளிது என்று நாம் கேட்பதில்லை. வாசகரை விட்டுவிட்டுப் பிரதியைப் பேச முடியாது என்று இலக்கியத்தில் ஓயாமல் சொல்கிறோம். கம்ப்யூட்டர் நிரலும் ஒரு பிரதிதான்.

1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு கோபால் மொழியை வடிவமைத்தவர்கள், கூட்டு, கழி என்பவற்றை ஆங்கில வினைச்சொற்களாகவே வைத்தார்கள். நிரல் எழுதத் தெரியாத நிர்வாகிக்கும் புரியவேண்டும் என்பது நோக்கம். ஆக, அங்கே கற்பிதம் செய்யப்பட்ட வாசகர் மேலாளர். 1991இல் வெளிவந்த பைத்தானை 'சாதாரண இங்கிலீஷ் மாதிரியே இருக்கு' என்கிறார்கள். அந்தப் பாராட்டுக்குள் ஒரு நிபந்தனையும் இருக்கிறது.

கோவை குறிச்சி சிட்கோவில் ஒரு சிஎன்சி பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத்தின் திரையில் 'ஜி01 எக்ஸ்20 எஃப்0.1' என்று ஓடும். இதை யாரும் எளிய மொழி என்று சொல்லமாட்டார்கள். ஐடிஐ முடித்த பையனுக்கோ பார்த்ததும் தெரியும்: டூல் 20 மி.மீ. விட்டம் வரை நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போகும், சுற்றுக்கு 0.1 மி.மீ. நகரும். 'எம்30 வந்தா புரோகிராம் முடிஞ்சுதுங்க' என்பான். புள்ளி இடம் மாறினால் டூல் உடையும், ஜாப் வீண். இயந்திரம், கூலி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த மூத்த தொழிலாளி எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய வாசிப்பு இது.

இதற்கு எதிர்முனை எழில். முத்தையா அண்ணாமலை 2007 வாக்கில் தொடங்கிய தமிழ் நிரல்மொழி. பதிப்பி, நிரல்பாகம், பின்கொடு, முடி என்று சொற்கள் தமிழில் இருப்பது ஒரு பக்கம். வாக்கிய அமைப்பே தமிழ் என்பதுதான் முக்கியம். பைத்தானில் 'இஃப்' முன்னால் வந்து நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' அதன் பிறகு. இவ்வளவு இருந்தும் சரவணம்பட்டி மென்பொருள் நிறுவனங்கள் எழில் தெரியுமா என்று கேட்டு ஆள் எடுப்பதில்லை.

ஆக, ஒரு மொழி பரவுவதை வாசிப்பின் எளிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. இயந்திரம் யாருடையது, ஏற்கெனவே எழுதிக் குவித்த நிரல்களை யார் பராமரிப்பது, சம்பளம் எதற்குக் கிடைக்கும் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 'எளிமை' என்ற சொல்லாடல் இந்த அதிகாரத்தை மறைத்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறைப் பெண் திணறினால், 'ஈசியான லாங்வேஜே வரலையா?' என்று கேட்கப்படுகிறது. 'நமக்கு மண்டையில ஏறாது' என்று அவளும் நம்பிவிடுகிறாள். அவள் திணறுவது தர்க்கத்திலா, ஆங்கிலத்திலா? பிரித்துப் பார்க்கவாவது எழில் வகுப்பறைக்கு வரவேண்டும். வேலை வாங்கித் தருமா என்பது அடுத்த கேள்வி.