முதலில் இரைச்சல், பிறகு இசை: ஏன்?
பாட்டு கேட்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்த ஸ்வரம் எது என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. பிடித்த பாட்டின் உச்சத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே, இன்பத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான டோபமின் சுரப்பதை 2011-இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பழகாத இசையில் ஊகம் அதிகம் பலிக்காது, இரைச்சலாகத்தான் படும். திரும்பத் திரும்பக் கேட்டால் மூளை அதன் இலக்கணத்தைத் தானே கற்றுக்கொள்கிறது. ஊகம் பாதி பலித்து, பாதி ஏமாறும் கட்டத்தில்தான் ருசி அதிகம். முழுக்கப் பலித்தால் சலிப்பு. காது புதிதைத் தேடும்.

காது பழகுவதற்கு ஓர் உதாரணம்: 1913-இல் பாரிஸ் அரங்கில் கூச்சலைக் கிளப்பிய, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே நடன இசை 'வசந்தத்தின் சடங்கு', 1940-இல் டிஸ்னியின் கார்ட்டூன் படத்துக்கே பின்னணி ஆனது. (கூச்சலுக்கு நடனமும் ஒரு காரணம், அது வேறு கதை.)

காது புதிதைத் தேடினாலும், பதின்வயதில் கேட்ட பாட்டுகள் மட்டும் லேசில் இடம் விடுவதில்லை. உணர்ச்சி கொதிக்கும் பருவத்தின் நினைவுகள் அவற்றோடு சேர்ந்தே பதிந்துவிடுகின்றன.