அண்டா வேண்டாம், தாம்பாளம் போதும்

“ரோட்டுக்காக ஏரியில் ஒரு ஓரம் போனால் என்ன, பக்கத்திலேயே ஒரு குளம் வெட்டிக் கொடுத்தால் ஆயிற்று.” நெய்வேலி ஆர்ச் கேட் டீக்கடையில் இப்படிச் சொல்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பாதி சரி. டீ ஆறுவதற்குள் மீதியைச் சொல்லிவிடலாம்.

நெய்வேலியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துக்கொள்ளும். இறைத்த நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சேருகிறது. ஆகவே குளம் வெட்டினால் நிரப்பிவிடலாம். நிரப்புவதில்தான் தவறே தொடங்குகிறது.

ஏரி ஓரத்தை நம்பி வரும் பறவையான உள்ளான் நீந்தாது. சேற்றில் நடந்து, அலகால் புழுவையும் பூச்சியையும் கிளறித் தின்னும். சிறிய உள்ளானுக்கு நாலு விரற்கடைத் தண்ணீரே அதிகம். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் இருக்கலாம். பட்டாணி உப்புக்கொத்திக்குத் தண்ணீர் வடிந்த ஈரத்தரை போதும். செங்குத்தாக வெட்டிய குளத்துக்கு நீர்க்காகம் வரும், கூழைக்கடா வரும். உள்ளானும் உப்புக்கொத்தியும் வரா. இவற்றுக்கு வேண்டியது அண்டா அல்ல, தாம்பாளம்: மெல்லச் சரியும் கரை, கொஞ்சம் கொஞ்சமாக வற்றும் நீர். சாலைக்கு மண் வேண்டுமென்று ஏரியை ஆழமாகத் தோண்டும்போது, சாலை தொடாத பகுதியும் இவற்றுக்கு இல்லாமல் போகிறது. அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

வேல்ஸ் நாட்டில் 1999-இல் கார்டிஃப் விரிகுடாவைத் தடுப்பணை கட்டி மூடினார்கள். சாலை இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே. ஈடாக நியூபோர்ட்டில் 2000-இல் ஈரநிலம் திறந்தார்கள். அழகான இடம், வாத்துகளும் நாணல் பறவைகளும் சேர்ந்தன. இழந்ததோ கடலோரச் சேற்றுவெளி. அங்கிருந்து துரத்தப்பட்ட பவளக்காலி என்னும் உள்ளான் இனப் பறவைகள் அடுத்த கரைகளில் ஒண்டி மெலிந்தன. வளர்ந்த பறவைகளில் ஆண்டுதோறும் பிழைத்தவை சுமார் 85 சதவீதத்திலிருந்து 78-க்கு இறங்கின.

எனவே மாற்று இடம் முதலில், சாலை பிறகு. வெட்டிய புதுமண்ணில் புழு ஊறவே காலம் பிடிக்கும். வலசைப் பறவைகள் வரும் ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை கொட்டும். மதகைத் திறந்து நீரை வடித்துச் சேற்றைக் காட்ட ஆள் வேண்டும். மீன் குத்தகை எடுத்தவரோ ஏரி தளும்பத்தான் விரும்புவார். அவரோடு முன்கூட்டியே பேசி, ஈடு என்னவென்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.