குலசேகரப்பட்டினம்: தோணி, குட்டி ரயில், ராக்கெட்

சயான், தாராவி வட்டாரத்தில் வாழும் திருநெல்வேலிச் சீமை அன்பர்களுக்குக் குலசேகரப்பட்டினம் என்றதும் முத்தாரம்மன் கோயில் தசராதான் நினைவுக்கு வரும். வேடம் கட்ட ஊர் போய் வருவோர் நம்மில் உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள அக்கடற்கரை ஊருக்குத் துறைமுகப் பெருமையும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பாண்டிய மன்னன் குலசேகரன் பெயரால் ஊர் அமைந்தது என்பர். கடலுக்கு அப்பால் இலங்கை, பின்புறம் செம்மண் தேரி, தேரியெங்கும் பனை. பனைவெல்லத்தை நம்பியே பாரி கம்பெனியார் இங்கு சர்க்கரை ஆலை அமைத்தனர். ஆனால் தேரி மணலில் வண்டிச் சக்கரம் புதையும். எனவே 1910-களில் திருச்செந்தூர் முதல் திசையன்விளை வரை, குலசேகரப்பட்டினம் வழியாக, ஒரு குட்டி ரயில் பாதை போடப்பட்டது. அகலம் இரண்டே அடி. நம் நேரல் - மாதேரான் ரயிலின் அளவுதான்.

டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாள வேலையிலேயே காலம் கழித்தவன் நான். இத்தகைய பாதையின் சிக்கனம் எனக்குத் தெரியும். தண்டவாளம் இலேசு, கட்டை சிறிது, செலவு குறைவு. போடுவது எளிது, பெயர்ப்பதும் எளிது! 1940-ல் அந்த ரயில் நின்றது.

1942 செப்டம்பரில் ஊர் மீண்டும் பேசப்பட்டது. ஆகஸ்ட் போராட்டத்தின்போது உப்பள அதிகாரி லோன் கொல்லப்பட்டார். தூக்குத் தண்டனை பெற்ற ராஜகோபாலனும் காசிராஜனும் பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு விடுதலையாயினர்.

இப்போது ராக்கெட்டின் முறை. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏன் இவ்வூர்? துருவப் பாதைச் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கிடும். அதைச் சுற்றிச் செல்ல எரிபொருள் வீணாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரப்பட்டினத்துக்கோ தெற்கே திறந்த கடல். இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது.

கடலும் பனையுமே அங்குள்ளோர் பிழைப்பு. மீனவருக்குக் கடலும் பனையேறிக்குத் தேரியும் தடைபடாதிருக்க வேண்டும். ஆலையும் ரயிலும் போன மண்ணிலிருந்துதான் நம்மவர் பலர் பம்பாய்க்கு வண்டி ஏறினர். இம்முறையாவது வேலை அவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். ஊரில் உறவு உள்ளவர்கள், அங்கே பத்தாவது முடிக்கும் பிள்ளைகளிடம் ஐ.டி.ஐ., டிப்ளமா படிப்புகளைப் பற்றி இப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.