மடியிலிருந்து சுவருக்கு

முழு எச்டி டிவி ஒன்றின் திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் தேவை. படமோ நொடிக்கு 60 முறை மாறுகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட். 2002 டிசம்பரில் வெளியான எச்டிஎம்ஐ கேபிளின் முதல் பதிப்பே இந்தச் சுமையை அப்படியே கடத்தும் திறன் கொண்டிருந்தது. வைஃபையின் நிலை வேறு. நடுவில் சுவர், பக்கத்து வீட்டு ரூட்டர்கள், அதே அலைவரிசையில் பேசும் புளூடூத் கருவிகள் என்று எல்லாம் இருக்கும் வீட்டில், அந்த 300 கோடியில் பத்தில் ஒரு பங்கைத் தடங்கலில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாலே பெரிய காரியம்.

ஆனாலும் லேப்டாப்பில் ஓடும் படம் கம்பி எதுவும் இல்லாமல் சுவரில் மாட்டிய டிவிக்குப் போய்விடுகிறது. சுருங்கித்தான் போகிறது. அது எப்படிச் சுருங்குகிறது, யார் சுருக்குகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால், படம் திக்குவது, திரை கறுப்பாகிப்போவது, ஒலி மட்டும் லேப்டாப்பிலேயே நின்றுவிடுவது போன்ற தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிடிபட்டுவிடும்.

ஒரு நொடியில் வரும் 60 படங்களில் அடுத்தடுத்த இரண்டை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு மிகக் குறைவு. செய்தி வாசிப்பவரின் உதடு அசையும். பின்னால் இருக்கும் நீலத்திரை அப்படியே இருக்கும். 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 என்ற சுருக்கும் முறை இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் மாறியிருக்கிறது, எது எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் எழுதி அனுப்புகிறது. 300 கோடி பிட் ஒன்றிரண்டு கோடியாக இளைத்துவிடுகிறது. டிவியில் உள்ள சில்லு அந்தக் குறிப்புகளைப் படித்து முழுப் படத்தையும் மறுபடி கட்டுகிறது.

இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். திரையைப் படம்பிடிக்க, சுருக்க, காற்றில் அனுப்ப, விரிக்க, கடைசியில் டிவி தன் பங்குக்கு நிறத்தையும் அசைவையும் மெருகேற்ற என்று ஒவ்வொரு கட்டத்திலும் சிறு தாமதம் சேருகிறது. எல்லாம் கூடினால் பத்தில் ஒரு நொடி, சில டிவிகளில் அதைவிடக் கூடுதல். சினிமா பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. படமும் ஒலியும் சேர்ந்தே பிந்துவதால் உதடும் வசனமும் பொருந்தியே இருக்கும். மவுசை அசைப்பவருக்கும் விளையாடுபவருக்கும்தான் அது எரிச்சல். இன்னும் விலை உயர்ந்த ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாமதத்தின் பெரும்பகுதி சுருக்குவதிலும் விரிப்பதிலும் இருப்பதால் ரூட்டரால் பெரிதாக மாற்ற முடியாது. டிவியில் கேம் மோடு இருந்தால் அதைப் போடுவது அதைவிடப் பயன் தரும். டிவி செய்யும் மெருகேற்றும் வேலையை அது குறைத்துவிடுகிறது.

இந்த வசதியை வீட்டு லேப்டாப்புக்கு முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்று இன்டெல். 2010 ஜனவரியில் வைடை என்ற பெயரில் அது அறிமுகமானது. டிவியில் நெட்கியர் நிறுவனத்தின் புஷ்2டிவி என்ற சிறு பெட்டியைச் செருக வேண்டும். லேப்டாப்பில் இன்டெலின் குறிப்பிட்ட சில்லுகளே இருக்க வேண்டும். முதல் பதிப்பில் 720 வரித் தரம்தான் கிடைத்தது. ஆப்பிள் தன் பங்குக்கு ஏர்ப்ளேயைக் கொண்டுவந்தது. 2012இல் வந்த மவுன்டன் லயன் பதிப்பிலிருந்து மேக் கணினியின் திரை ஆப்பிள் டிவி பெட்டிக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் வைஃபை அலையன்ஸ் என்ற தொழில் கூட்டமைப்பு மிராகாஸ்ட் என்ற பொதுத்தரத்துக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. 2013இல் விண்டோஸ் 8.1 அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. இன்டெல் 2016இல் வைடையைக் கைவிட்டது.

2013 ஜூலை 24 அன்று கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டை வெளியிட்டபோது வேறொரு பாதை திறந்தது. கட்டைவிரல் அளவுள்ள அந்தக் கருவிக்கு லேப்டாப்பின் திரை தேவையே இல்லை. எந்தப் படம், எந்த இடத்தில் இருக்கிறது என்று லேப்டாப் சொன்னால் போதும். குரோம்காஸ்ட் இணையத்தில் தானே போய் அதை எடுத்துக்கொள்ளும். நாமே கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து கொடுப்பதற்கும், கடையின் முகவரியைச் சொல்லி ஆளை அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதல் வழிக்கு மிரரிங் என்று பெயர், இரண்டாவதற்கு காஸ்ட். டிவிகளின் மெனுவிலும் கடைக்காரர்களின் பேச்சிலும் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. வாங்குபவர் படும் பாட்டில் பாதி இந்தக் குழப்பத்தால் வருவது.

எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. படம் டிவியில் ஓடும்போது லேப்டாப்பின் மூடியை மூடிப் பார்க்கலாம். படம் நின்றுபோனால் மிரரிங். தொடர்ந்தால் காஸ்ட். குரோம் உலாவி ஒன்றிலேயே இரண்டும் இருக்கின்றன. யூடியூப் காணொளியின் மீது தெரியும் காஸ்ட் குறியை அழுத்தினால் டிவி தானே படத்தை எடுத்துக்கொள்ளும். லேப்டாப்புக்கு ரிமோட் வேலை மட்டும்தான். உலாவியின் மூன்று புள்ளி மெனுவில் போய் டேபையோ முழுத்திரையையோ காஸ்ட் செய்யச் சொன்னால், பெயர் காஸ்ட் என்று இருந்தாலும் நடப்பது மிரரிங். லேப்டாப் மூச்சுவாங்கச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருக்கும், அதன் விசிறியும் சுற்றும்.

யூடியூப், ஓடிடி படங்களுக்கு காஸ்ட்டோ டிவியில் உள்ள செயலியோதான் சரி. தரம் குறையாது, லேப்டாப்பின் பேட்டரியும் கரையாது. லேப்டாப்பில் சேமித்த கல்யாண வீடியோ, எக்செல் கணக்கு, மகளின் ஆன்லைன் வகுப்பு, ஜூம் கூட்டம் என்றால் மிரரிங்தான் எளிய வழி. அவை லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் விசையோடு கே எழுத்தை அழுத்தினால் அருகிலுள்ள டிவிகளின் பட்டியல் வரும். அதற்கு முன்னால் டிவியில் ஸ்கிரீன் ஷேர், ஸ்மார்ட் வியூ, ஸ்கிரீன் மிரரிங் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும் அந்த வசதியைத் திறந்துவைக்க வேண்டும். இணைந்த பின் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் கிடைக்கும். பெரும்பாலோர் டூப்ளிகேட்டோடு நின்றுவிடுகிறார்கள். எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தால் டிவி தனி இரண்டாம் திரையாகிவிடும்: மாணவர்களுக்குக் காட்டும் பாடம் டிவியில், ஆசிரியரின் குறிப்புகள் லேப்டாப்பில். வாட்ஸ்அப் சாளரமும் லேப்டாப்போடு நின்றுவிடும். கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் இதை அவசியம் பழகிக்கொள்ள வேண்டும்.

மேக்கில் மேலே வலப்பக்கம் உள்ள கண்ட்ரோல் சென்டரில் ஸ்கிரீன் மிரரிங் இருக்கிறது. ஆனால் மேக் மிராகாஸ்ட் பேசாது. டிவியில் ஏர்ப்ளே இருந்தாக வேண்டும்; 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி டிவிகளில் பல மாடல்கள் அதோடு வருகின்றன.

பழைய விண்டோஸ் லேப்டாப்பில் இந்த வசதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால், விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி டிஎக்ஸ்டயாக் என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி, கிடைக்கும் தகவலைக் கோப்பாகச் சேமித்துப் பார்க்கலாம். அதில் மிராகாஸ்ட் என்ற வரி இருக்கும். வைஃபை சில்லும் திரைச் சில்லும் இரண்டுமே ஒத்துழைத்தால்தான் அந்த வரி சாதகமாக இருக்கும். சில நேரம் டிரைவரைப் புதுப்பித்தாலே இல்லை என்பது ஆமாம் ஆகிவிடும்.

மிராகாஸ்ட்டின் அடிப்படை, லேப்டாப்பும் டிவியும் ரூட்டரின் துணையில்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்வது. அதனால் இணையம் அறவே இல்லாத ஊரிலும், மோடம் பழுதான நாளிலும் அது வேலை செய்யும். காஸ்ட்டுக்கு இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஓட்டல் அறைகளில் காஸ்ட் தோற்பதற்குக் காரணம் இதுவே: ஒரு விருந்தினரின் கருவி இன்னொருவருடையதைப் பார்த்துவிடாதபடி ஓட்டலின் வைஃபை தடுத்துவைத்திருக்கும். வீட்டு ரூட்டரில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம்.

படம் திக்கித் திக்கி வருவதன் காரணம் கொஞ்சம் நுட்பமானது. பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே ஒரு வைஃபை ரேடியோதான் உண்டு. அது ரூட்டரோடு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் டிவியோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் பேச நேர்ந்தால், நொடிக்குப் பலமுறை இங்கும் அங்கும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் சில தகவல் துண்டுகள் தவறும். மிராகாஸ்ட்டில் தவறிய துண்டு பெரும்பாலும் திரும்பி வராது. காத்திருந்தால் தாமதம் கூடிவிடும் என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். திரையில் கட்டம் கட்டமாகச் சிதறல் தெரிவது அதனால்தான். லேப்டாப்பை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். கணினியிலேயே உள்ள படத்தைத்தான் பார்க்கிறோம் என்றால் ரூட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டும் பார்க்கலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் இடத்தை அரசு 2018இல் பெரிதும் விரித்துக்கொடுத்தது. ஆனால் அந்த அலை கான்கிரீட் சுவரை எளிதில் கடக்காது. டிவி இருக்கும் அறையிலேயே லேப்டாப்பும் இருந்தால் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

ஒலி வருகிறது, படம் மட்டும் கறுப்பு. இப்படி நேரும்போது கருவி கெட்டுப்போகவில்லை. ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படம் நகலெடுக்கப்படாமல் இருக்கப் பூட்டுப் போடுகின்றன. லேப்டாப், இணைப்பு, டிவி மூன்றும் அந்தப் பூட்டை மதிக்கும் என்று உறுதி கிடைக்காவிட்டால் படத்தை நிறுத்திவிடுகின்றன. பணம் கட்டிய சந்தாதாரருக்கும் அதே கதிதான். இந்த விஷயத்தில் நிறுவனங்கள் பார்வையாளரைப் பற்றிப் போதுமான அளவு கவலைப்படுவதில்லை. 2019 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸ் தன் செயலியிலிருந்து ஏர்ப்ளே வசதியையே எடுத்துவிட்டது. அதுவரை அதைப் பயன்படுத்தியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. டிவியில் உள்ள செயலியில் நேராக நுழைந்து பார்ப்பதே இதற்கு நம்பகமான வழி.

ஒலி லேப்டாப்பிலேயே நின்றுவிட்டால், கீழே உள்ள ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவு அமைப்பில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன். அலுவலக லேப்டாப் இணையவே மறுத்தால் பெரும்பாலும் விபிஎன் காரணம், அல்லது அலுவலகமே இந்த வசதியைப் பூட்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வரத் தொடங்கியது. 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்த குடும்பங்கள் ஏராளம். அந்தக் குழாய் டிவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்புச் செருகிகள்தான் தெரியும் என்பதால் இரண்டுக்கும் நேரடிப் பேச்சுக்கு வழியில்லை. எச்டிஎம்ஐ துளை உள்ள சாதாரண எல்இடி டிவி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஸ்மார்ட் டிவியாக இல்லாவிட்டாலும் ஒரு மிராகாஸ்ட் டாங்கிளையோ ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ செருகினால் போதும். அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல் தனி அடாப்டரிலிருந்து கொடுப்பது நல்லது. பல டிவிகளின் யுஎஸ்பி போதிய மின்னோட்டம் தருவதில்லை, கருவி அடிக்கடி அணைந்து எழும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குரோம்காஸ்ட்களிலும் ஸ்மார்ட் டிவிகளிலும் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய காணொளி திடீரென்று ஓடியது. அவற்றின் ரூட்டர்கள் உள்ளே இருக்கும் கருவிகளை வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தன. யூபிஎன்பி என்ற வசதியை ரூட்டரில் அணைத்துவைத்தால் அந்த வாசல் மூடிவிடும். மிராகாஸ்ட்டைப் பொறுத்தவரை வெளி இணையத்தால் ஆபத்து குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் தவறுதலாக இணைந்துவிடுவதே நடைமுறைச் சிக்கல். டிவிக்கு அடையாளம் தெரியும்படி பெயர் வைத்து, புதிய கருவி வந்தால் பின் எண் கேட்கும்படி அமைத்துவிட வேண்டும்.

புது டிவி வாங்கப் போகிறவர்கள் விலைப் பட்டியலில் உள்ள ஸ்மார்ட் என்ற சொல்லோடு திருப்தி அடையக் கூடாது. மிராகாஸ்ட் உண்டா, குரோம்காஸ்ட் உள்ளேயே இருக்கிறதா, வீட்டில் மேக் இருந்தால் ஏர்ப்ளே உண்டா, வைஃபை 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் 2.4 மட்டும்தான் இருக்கும். முடிந்தால் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப்போய் அங்கேயே இணைத்துக் காட்டச் சொல்லலாம். தேர்வு நடத்துபவர்கள், மேடையில் பேசுபவர்கள், வேகமான விளையாட்டு ஆடுபவர்கள் ஆகியோர் அதோடு ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.