தலைவனில்லாத கூட்டில் சுமைப் பங்கீடு

சரக்கு வண்டியில் ஒரு பெட்டிக்கு அளவு மீறிப் பாரம் ஏற்றினால், அடுத்த பெட்டி வெறுமையாய் இருப்பதனால் பயனில்லை. பாரம் ஏறிய பெட்டியின் அச்சே கெடும். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இஃது அன்றாடப் பாடம். நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலும் நால்வர் ஓய்வின்றி ஓட, நாற்பதின்மர் அமர்ந்திருப்பதை அன்பர்கள் அறிவர். இதே சிக்கலைக் கணிப்பொறி அறிஞரும் எதிர்கொண்டனர்.

தலைமை நிலையம் இன்றி, உறுப்பினரின் கணிப்பொறிகளே ஒன்றுக்கொன்று நேரே உதவும் அமைப்பைப் ‘பியர் டு பியர்’ என்பர். நிகர்நிலை வலை என நாம் வழங்கலாம். 1999-இல் தோன்றிய நாப்ஸ்டர், எப்பாட்டு எவரிடம் உண்டு என்னும் பட்டியலை மட்டும் நடுவிடத்தில் வைத்திருந்தது. 2001-இல் நீதிமன்றத் தடையால் அந்நடுவிடம் மூடப்படவே, பாட்டுப் பரிமாற்றமும் நின்றது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘கார்ட்’ என்னும் முறை உருவாயிற்று. அதனை வகுத்தோருள் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். இம்முறையில் நடுவிடமே இல்லை. எண்கள் வட்டமாக அமைகின்றன. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் வட்டத்தில் ஓர் எண். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண். கோப்பின் எண்ணை அடுத்து முதலில் நிற்கும் கணிப்பொறியே அதற்குப் பொறுப்பு.

ஆயினும் எண்கள் குருட்டுவாக்கில் விழுவதால் இடைவெளிகள் ஒத்திரா. ஆயிரம் கணிப்பொறிகள் நிற்கும் வட்டத்தில் மிக நீண்ட இடைவெளி, சராசரியைப் போல் ஏழு மடங்குக்கும் மேலாகும். அவ்விடம் வலிமையற்ற கணிப்பொறிக்கு வாய்த்தால் அதன் நிலை என்னாவது?

அப்படியாயின், அவரவர் விரும்பிய இடத்தில் அமரட்டும் எனலாமா? அங்கேதான் ஆபத்து. தீயவன் ஒருவன், தான் மறைக்க விரும்பும் கோப்பின் அருகே சென்று அமர்ந்துவிடுவான். ஒருவனே நூறு பெயரில் நுழையவும் செய்வான். நம்பத்தக்க ஒருவர் சான்றளித்தாலன்றி இப்பல்பெயர் மோசடியை முற்றும் தடுக்க இயலாது என்று 2002-இல் ஜான் டூசூர் எடுத்துக்காட்டினார். நியாயம் வேண்டின் காவல் தளர்கிறது. காவல் வேண்டின் நியாயம் குறைகிறது!

இம்முடிச்சை அவிழ்க்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் லெட்லி, மார்கோ செல்ட்சர் இருவரும் 2005-இல் ஒரு வழி கூறினர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே சான்றிதழ். அதிலிருந்து குறித்த கணக்கின்படி சில இடங்கள் மட்டும் கிடைக்கும். புதிதாய் வரும் கணிப்பொறி அவ்விடங்களின் சுமையை விசாரித்து, தன் வலிமைக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளும். அக்கணக்கை எவரும் போட்டுப் பார்த்து உண்மையை உறுதி செய்யலாம். உரிமையும் உண்டு, அதற்கு வரம்பும் உண்டு.

சிலவற்றுள் ஒன்றைத் தெரியும் இச்சிறு உரிமையின் பயன் பெரிது. பயணச்சீட்டுச் சாளரங்களில் இரண்டையேனும் நோக்கி, கூட்டம் குறைந்ததில் நிற்பவர்களால் வரிசை எவ்வளவு சீர்ப்படுகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன்.

நிற்க. வரும் பொங்கலுக்கு நாமும் இதனைச் செய்து பார்த்தால் என்ன? குடும்பத்துக்கு மூன்று சீட்டுகளை அனைவர் முன்னிலையிலும் எடுத்து, அம்மூன்று பணிகளுள் இயன்ற ஒன்றை ஏற்கட்டும். முதியோர் கணக்கெழுதலாம்; இளைஞர் பந்தி பரிமாறலாம். எளியதைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டார் என்ற பேச்சுக்கு இடமிராது. அந்த நால்வரும் ஒருமுறையேனும் அமர்ந்து பொங்கல் உண்பர்.