வக்கீல் எப்போது வேண்டும்? நாள் தவறினால் நியாயமும் தவறிப்போகும்!



கோர்ட்டு வாசலை மிதித்தால் குடும்பம் கெட்டுப்போகும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அதனால் சம்பளப் பாக்கி நின்றாலும், கொடுத்த கடன் திரும்பாவிட்டாலும், "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுகிறோம். வேறு சிலரோ சின்ன விஷயத்துக்கே தாலிக்கொடியை அடகு வைத்து வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டுமே நமக்கு நஷ்டம்தான்.

எந்த வழக்குக்கு எந்தக் கதவு, அந்தக் கதவு எத்தனை நாள் திறந்திருக்கும்? இந்த இரண்டும் தெரிந்தால் போதும். பாதிப் பிரச்சினைக்கு வக்கீலே தேவையில்லை.

வக்கீல் இல்லாமலே கேட்கலாம்

சம்பளம், ஓவர்டைம், விடுமுறைப் பணம் பாக்கியா? நேராகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் அங்கேயே தொழிலாளர் நீதிமன்றம் நடக்கிறது. அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார். சம்பளச் சீட்டு, செக்ரோல் நகல், வேலை செய்த நாள் கணக்கு எல்லாம் கையில் இருக்கட்டும்.

வேலையை விட்டே நிறுத்திவிட்டார்களா? காரணம் நியாயமில்லை, திரும்ப வேலை வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் வேறு. அது தொழில் உறவு இலாகா. நம்மவர்கள் பலர் ஏமாறுவது இங்கேதான். "மேனேஜர் மனசு மாறுவார், பார்க்கலாம்" என்று காத்திருக்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டம் கொடுப்பது 60 நாள்தான். வேலை போன தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். 61-ஆம் நாள் போய் அழுதால் அதிகாரியே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நடக்கும் சமரசப் பேச்சில் வக்கீல் ஆஜராகவும் முடியாது. சங்க உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்காரரைக் கூட்டிப் போகலாம்.

பக்கத்து லயத்துக்காரர் 3,000 வெள்ளி கடன் வாங்கிவிட்டு இழுத்தடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்கு என்று ஒரு முறை இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி 5,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். பாரத்தை நிரப்பி நாமே பேச வேண்டும். வழக்குப் போடுகிறவர் வக்கீல் வைக்க முடியாது. இதற்கு அவகாசம் பொதுவாக 6 ஆண்டு. ஆனால் வாயால் சொன்னது மட்டும் போதாது. ஒரு துண்டுச் சீட்டாவது, பணம் போட்ட பேங்க் ரசீதாவது இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ் ஒரே மாதத்தில் கெட்டுப்போய், கடைக்காரர் கையை விரிக்கிறாரா? பயனீட்டாளர் வழக்கு மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளிதான். 2019-லிருந்து 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 3 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கேயும் வக்கீலுக்கு இடமில்லை. கடையின் வக்கீலைக் கண்டு நாம் பயப்பட வேண்டிய வேலையும் இல்லை.

வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டியவை

முதலாவது, உங்கள் பேருக்கு சம்மன் வந்தால். நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதற்கோ, மோட்டார் சைக்கிள் கடனுக்கோ வரலாம். வாங்காமல் ஒளிவது, அலமாரிக்கு மேல் போட்டு வைப்பது, இரண்டுமே ஆபத்து. கையில் கிடைத்த 14 நாளுக்குள் பதில் பதிவு செய்யாவிட்டால், எதிராளி நம் பேச்சைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிடலாம்.

இரண்டாவது, ரோட்டு விபத்து. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ அடிபட்டால் சொக்சோவிலும் கேட்கலாம். அந்தப் பாரத்துக்கு வக்கீல் வேண்டாம். ஆனால் மோதிய வண்டியின் இன்சூரன்ஸிடம் நஷ்டஈடு கேட்க வக்கீல் வேண்டும். குடும்பத் தலைவரே இறந்துவிட்டால், அவரை நம்பி இருந்தவர்களுக்கு உள்ள அவகாசம் 3 ஆண்டுதான். கருமாதி, கடன், பிள்ளைகள் படிப்பு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நாள் ஓடிவிடும்.

மூன்றாவது, வீடும் நிலமும். தோட்டம் கைமாறுகிறது, வீட்டைக் காலி செய் என்று ஆபீசிலிருந்து கடிதம் வருகிறது. மேனேஜர் கடிதம் வேறு, கோர்ட்டு உத்தரவு வேறு. "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று கிராணி நீட்டினாலும் உடனே போடாதீர்கள். அது நீங்களே சம்மதித்து வெளியேறுகிற கடிதமாக இருக்கலாம். லயத்துக்காரர்கள் ஒன்றுகூடி ஒரே வக்கீலிடம் போங்கள். செலவும் குறையும், பலமும் கூடும். வீட்டு மனை வாங்கும்போதும், முன்பணம் கொடுக்கும் முன்பே வக்கீலிடம் கிராண்டைக் காட்டுங்கள்.

பணம் இல்லையே, என்ன செய்வது?

குறைந்த வருமானக்காரர்களுக்காக அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது அது. விவாகரத்து, ஜீவனாம்சம், இறந்தவர் சொத்து போன்றவற்றுக்கு உதவுவார்கள். வழக்கறிஞர் மன்றமும் சட்ட உதவி நிலையங்களை நடத்துகிறது. அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் கொண்டு போனால் தகுதி உண்டா என்று சொல்லிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து, "அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லும் புரோக்கரிடம் ஜாக்கிரதை! ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசி வழக்கு எடுக்க 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலை ஆபீசில் நேரில் பாருங்கள். பீஸ் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இன்றைக்கே ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுங்கள். சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், ரசீது, போலீஸ் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். எந்தக் கடிதம் வந்தாலும் வந்த தேதியை அதன் மூலையில் எழுதுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.