முதன்முறையாக வீட்டுக்காரர் ஆகிறீர்களா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியவர்கள். வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். நம் சங்கத்து அன்பர்கள் பலர் ஓய்வுபெறும்போது கைக்கு வரும் பணத்தில் டோம்பிவிலி, கல்யாண் பக்கம் இரண்டாவதாக ஒரு பிளாட் வாங்குகிறார்கள். ரயில்வேயில் முப்பத்தேழு ஆண்டு சர்வீஸ் முடித்த அடியேனும் அப்படித்தான் வாங்கினேன். பென்ஷனுக்குத் துணையாக வாடகை வரும் என்பது கணக்கு. தப்பான ஆள் வந்தால் அந்தக் கணக்கு கோர்ட் வாசலில் போய் நிற்கும்.

மும்பை வீட்டுக்காரர்களின் பயத்துக்குச் சரித்திரம் உண்டு. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வாடகையை அப்படியே உறைய வைத்தது. 1973இல் வந்த திருத்தம், அப்போது 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் குடியிருந்தவர்களையும் பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர்களாக ஆக்கிவிட்டது. அதைக் கண்டு வீட்டைப் பூட்டி வைத்தவர்கள் அநேகர்.

இன்று நிலைமை வேறு. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999இன் 55ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதினொரு மாதம்தானே என்று விட்டுவிட முடியாது. பதிவு செய்யாவிட்டால், வாடகை இவ்வளவு, கெடு இவ்வளவு என்று குடித்தனக்காரர் சொல்வதே எடுபடும். வேறு விதமாக நிரூபிக்கும் பாரம் நம் தலையில். பதிவு செய்திருந்தால் 24ஆம் பிரிவு நம் பக்கம். கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரு மடங்கு கட்டணம் தர வேண்டும். தகுதிபெற்ற அதிகாரியிடமே மனுப் போடலாம்.

ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. லைன் பிளாக் எழுத்தில் கைக்கு வராமல் யாரும் தண்டவாளத்தில் இறங்கி வேலை பார்க்கக் கூடாது. 'கொடுத்துவிட்டார்கள் சார்' என்ற வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. வந்தவர்களை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் வந்தவர் ஒரு வியாபாரி. ஒரு வருட வாடகையை ரொக்கமாகத் தருகிறேன், சாயங்காலமே சாவி வேண்டும், பதிவெல்லாம் எதற்கு அங்கிள் என்றார். ஏஜென்ட் முகம் மலர்ந்தது. நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நல்ல டெபாசிட் நல்ல குடித்தனக்காரருக்கு அத்தாட்சி ஆகாது.

இரண்டாவது, ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர் குடும்பம். இப்போதைய வீட்டுக்காரர் போனில் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைத் தேடிக் கேட்டேன். நான்கு மாத வாடகை பாக்கி என்றார். இப்போதைய வீட்டுக்காரருக்கு ஆள் காலி செய்தால் போதும் என்றிருக்கலாம். முந்தையவருக்கு அந்த அவசரம் இல்லை. இதை அன்பர்கள் அவசியம் மனத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தவர்கள் மூன்று நர்ஸ்கள். இருவர் கேரளம், ஒருவர் மணிப்பூர். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி அடையாள அட்டை, பழைய ஒப்பந்தம் எல்லாம் கொண்டுவந்தார்கள். மூவர் சம்பளத்தையும் கூட்டினால் வாடகை அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய வீட்டுக்கார அம்மாள், 'வீட்டைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்' என்றார்.

ஆனால் சொசைட்டி செயலாளர் தலையசைத்தார். 'கல்யாணமாகாத பெண்கள், நைட் டியூட்டி, என்ன சமைப்பார்களோ, வேண்டாம் சாஹேப்.' என் மனைவிக்கும் சற்றுத் தயக்கம்தான்.

1984இல் நான் வேலைக்கு வந்த புதிதில், மதராஸி, அதுவும் பிரம்மச்சாரி என்று எத்தனை வாசல்களில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! என் சம்பளத்தை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீடு கிடைத்திருக்கும். அதே கேள்வியை நான் மற்றவரிடம் போடுவது எனக்குச் சம்மதமில்லை. வாடகைக்கு விட சொசைட்டியின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டித் தெரிவித்தால் போதும் என்று மாதிரித் துணைவிதிகளிலேயே இருப்பதைச் செயலாளரிடம் மரியாதையாகக் காட்டினேன். குடியிராமைக் கட்டணம் பராமரிப்புச் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற 2001ஆம் ஆண்டு அரசு உத்தரவையும் சேர்த்தே காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். 'கட்டுங்கள், கட்டுங்கள்' என்றார்.

ஒப்பந்தம் பதிவாயிற்று, போலீஸ் ஸ்டேஷனிலும் தகவல் கொடுத்தாயிற்று. சாவி கொடுக்கும் முன் மின்சார மீட்டர் ரீடிங்கைக் குறித்து, சுவர், குழாய், விசிறி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டோம். இப்போது இரண்டாவது ஒப்பந்தம் ஓடுகிறது. வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வங்கிக்கு வந்துவிடுகிறது.

ஆகவே அன்பர்களே, வருமானம், முந்தைய வீட்டுக்காரர், வேலை பார்க்கும் இடம் மூன்றையும் நன்றாக விசாரியுங்கள். ஊர், மொழி, அடுப்பில் வேகும் பண்டம் இவற்றை விசாரித்து யாருக்கும் வாடகை வந்ததில்லை. நான் தயாரித்த கேள்விப் பட்டியல் வேண்டுவோர் ஞாயிறு மாலை சங்க நூலகத்தில் என்னைக் காணலாம்.